கச்சான் காற்றில் ஒரு தோல் ஜாக்கெட்

திருகோணமலையில் நான் கால் வைப்பதற்கு முன்பே இரண்டு பேர் என்னைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். ஒருத்தி என் தங்கை மல்லிகா. இன்னொருவர் அவளுடைய கணவர் யோகன். இரண்டு கட்சியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறது. எனக்கு அது தெரியும் என்பது யோகனுக்குத் தெரியாது.

முதலில் போன் செய்தவர் யோகன்தான். "மச்சான், வரேக்க மோட்டார் சைக்கிள் ஓட்டுற ஆக்கள் போடுற தோல் ஜாக்கெட் ஒண்டு கொண்டு வாங்கோ. உங்கட கை பட்ட சாமான் எண்டா நம்பிப் போடலாம்" என்றார். சரி என்று போனை வைத்தேன். சூடு ஆறுவதற்குள் மல்லிகா கூப்பிட்டாள். "அண்ணா, அவர் ஜாக்கெட் கேட்டவரா? தப்பித்தவறியும் கொண்டு வந்திடாதே."

நான் ராணிப்பேட்டையில் தோல் உடுப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தைத்து வரும் ஜாக்கெட்டை மேசையில் விரித்துப் பிழை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மல்லிகாவும் அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். பக்கத்து இலங்கை அகதி முகாமிலிருந்து ஜெனரேட்டர் பழுது பார்க்க வந்த யோகனைப் பார்த்தாள், கட்டிக்கொண்டாள். சண்டை முடிந்த பிறகு இருவரும் அவருடைய ஊருக்கே திரும்பிப் போனார்கள். வா வா என்று அவள் கூப்பிட, போகலாம் போகலாம் என்று நான் சோம்பலில் வருடங்களைத் தள்ளி, முழங்கால் வலி வந்த பிறகு இப்போதுதான் புறப்பட்டேன்.

யோகனுக்கு மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்தும் வேலை. நிலாவெளி, சல்லி, மூதூர் என்று கரை கரையாகப் போக வேண்டும். சாமான் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில்தான் போவார். போன மாரிக்கு முன்னால் ஒரு பொழுது சாயும் நேரத்தில், துறைமுகத்தை ஒட்டிய வீதியில், குறுக்கே ஒரு மான் பாய்ந்துவிட்டது. நம்ப மாட்டீர்கள். நம் ஊரில் மாடு திரிவதுபோல இந்த ஊரில் புள்ளிமான்கள் தெருவில் திரிகின்றன. நான் வந்து இறங்கிய அன்று பஸ் நிலையத்தில் ஒரு மான் வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றது. குறுக்கே பாய்ந்த மானுக்கு ஒன்றும் ஆகவில்லை. யோகனுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் போய்விட்டது.

அன்றைக்கு வண்டிச் சாவியை எடுத்து ஒளித்தவள்தான் மல்லிகா. மனிதர் கெஞ்சியும் பார்த்தார், கோபப்பட்டும் பார்த்தார். கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். வெள்ளைக்காரர்கள் போடுவதுபோல நல்ல தோல் ஜாக்கெட் போட்டால் ஓட்டலாம் என்றாள். இந்த வெயிலில், இந்த ஊரில், எவன் தோல் ஜாக்கெட் விற்கப் போகிறான் என்ற தைரியம். யோகனோ அதை உண்மையான நிபந்தனையாக எடுத்துக்கொண்டார்.

ஓட்டுகிறவன் போடும் ஜாக்கெட்டைக் கண்மதிப்பில் வாங்க முடியாது, ஆளை வண்டியில் உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி நான் தப்பித்தேன். அது பொய்யில்லை, பாதி உண்மை. "அப்ப நீங்கள் வாங்கோ, இஞ்சயே தேடுவம்" என்றார் அவர். ஆற்காட்டு மக்கன்பேடா ஒரு பெட்டியும் உறுத்தும் மனசுமாக நான் போய்ச் சேர்ந்தேன்.

பாலையூற்றில் அவர்கள் வீடு. முற்றத்தில் ஒரு படகு எஞ்சின் மரச்சட்டத்தில் தொங்கியது. மூலையில் நீலத் தார்ப்பாய் போர்த்தி மோட்டார் சைக்கிள். யோகன் என்னைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கிக் காட்டினார். துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

சாப்பாடு வந்தது. புட்டு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல். நம் ஊரில் விருந்தாளி 'போதும்' என்று மூன்றாம் தடவை சொன்னால் விட்டுவிடுவார்கள். இங்கே 'காணும்' என்று சொன்னால், "என்ன, கறி சரியில்லையோ?" என்று முகம் வாடுகிறது. பயண அலுப்பில் கண் சொருகியது. ஆனாலும் தின்றேன்.

கை கழுவ, இவர்கள் குசினி என்கிற சமையலறைப் பக்கம் போனபோது மல்லிகா என் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, அவர் உன்னைக் கூட்டிக்கொண்டு திரியப் போறார். காட்டுற எல்லா ஜாக்கெட்டிலயும் பிழை பிடி. அதுதானே உன்ர வேலை."

"பிழை இல்லாத ஜாக்கெட் வந்தால்?"

"வராது. வந்தாலும் பிழை பிடி." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஷெல்லுக்குத் தப்பி, கடலுக்குத் தப்பி முகாமுக்கு வந்த மனுசன். இப்ப மானுக்குக் குடுக்கச் சொல்லுறியா?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் நான் தலையாட்டிவிட்டேன். தங்கைகள் விஷயத்தில் அண்ணன்களின் கழுத்து அப்படித்தான், தானாக ஆடும்.

மறுநாள் டவுனுக்குப் போனோம். கச்சான் காற்று வீசும் காலம். கச்சான் என்றால் இங்கே மேற்கிலிருந்து அடிக்கிற வறண்ட சூட்டுக் காற்று. ராணிப்பேட்டை வெயிலில் வளர்ந்த எனக்கே நாக்கு வறண்டது. சந்தைக்குப் பக்கத்தில் வெளிநாட்டுப் பழைய உடுப்புகளைப் பாயில் குவித்து விற்கிறார்கள். குவியலுக்குள்ளிருந்து யோகன் ஒரு கறுப்பு ஜாக்கெட்டை இழுத்து எடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

நான் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். உண்மையான தோல் என்றால் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் ஓடும். இது ரப்பர் பாய்போலக் குழிந்து அப்படியே எழும்பியது. கழுத்துப் பட்டியை மடக்கினேன். பூச்சு செதில் செதிலாக வந்தது. யோகனுடைய விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

"இது தோலே இல்லை மாப்பிள்ளை. துணிமேல் பூசிய பிளாஸ்டிக். ரோட்டில் உரசினால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்."

பிழையை வாயால் மட்டும் சொல்லக் கூடாது, விரலை வைத்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் மேசையில் எழுதாத சட்டம். காட்டாவிட்டால் தைத்தவர் சண்டைக்கு வருவார். நாற்பது வருடம் செய்து கைக்குப் பழகிவிட்டது.

பக்கத்தில் இரண்டு இளைஞர்கள், முடிவெட்டைப் பார்த்தால் கடற்படைக்காரர்கள், இதேபோல ஒன்றைப் போட்டுப் பார்த்துச் சிங்களத்தில் பேசிச் சிரித்தார்கள். என்னவென்று யோகனைக் கேட்டேன். "இதைப் போட்டுக்கொண்டு போனா உன்ர பெட்டை உன்னைக் கள்ளன் எண்டு பொலிசுக்குச் சொல்லிப்போடுவாள் எண்டு ஒராள் மற்றாளுக்குச் சொல்லுறார்" என்றார்.

அடுத்தது ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் விற்கிற கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய ஜாக்கெட் ஒன்று இருந்தது. கடைக்காரர் அசல் தோல் என்று சத்தியம் செய்தார். அவர் சொன்னது பொய்யில்லை. தோலைக் கனத்தில் இரண்டாகச் சீவினால் மேல் பாதிதான் உறுதி. கீழ்ப் பாதி சும்மா நார். அந்தக் கீழ்ப் பாதிக்கு மேல் பளபளப்பாகப் பெயிண்ட் அடித்து விற்பார்கள். வெட்டிய ஓரத்தில் நார் நாராகத் தெரிந்தது. முழங்கையில் ஒற்றைத் தையல் வேறு, அதுவும் நெருக்கிப் போட்டது. நெருக்கிப் போட்டால் ஊசித் துளைகள் சேர்ந்து, இழுக்கும்போது தபால்தலை கிழிவதுபோல வரிசையாகக் கிழியும். இதையும் யோகனின் விரலை வைத்துக் காட்டினேன். விலையைக் கேட்டதும் அவரே பின்வாங்கினார்.

வெளியே வந்து பிளேன்ரீ குடித்தோம். பால் இல்லாத டீயை ஒரு கடி சீனியோடு இவர்கள் எப்படி ரசித்துக் குடிக்கிறார்களோ. எனக்குப் பசும்பால் டீ இல்லாமல் தலை வலித்தது. யோகன் உற்சாகமாகத்தான் இருந்தார். "நீங்கள் வராட்டி நான் முதல் கடையிலயே ஏமாந்திருப்பன் மச்சான்." நான் மீதி டீயைக் கீழே வைத்தேன்.

அதற்கடுத்த நாள் மூதூர். அங்கே ஹாஜியார் ஒருவர் வெளிநாட்டுச் சாமான் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டாராம். கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கி நிழல் இல்லாத ரோட்டில் நின்றோம். அப்போதுதான் யோகனுக்கு ஒரு போன் வந்தது. எதிர்முனைக்காரர் கத்திப் பேசுகிறவர், எனக்கே கேட்டது.

"யோகண்ணை, சல்லியில நிக்கிறன். எஞ்சின் இறுகிப்போச்சு. பின்னேரம் கடலுக்குப் போக வேணும். வர ஏலுமா?"

"இண்டைக்கு ஏலாது தம்பி. விடியக் காலமை முதல் பஸ்ஸில வாறன்."

"பஸ்ஸிலயா? சாமானோட உங்களை ஏத்துவானோ? விடுங்கோ அண்ணை, நான் வேற ஆளைப் பாக்கிறன்."

யோகன் போனைச் சட்டைப் பையில் போட்டார். கிரீஸ் வடியும் சாமான் பையைப் பஸ்ஸில் ஏற்ற மறுத்து ஒரு கண்டக்டர் இறக்கிவிட்டதை மல்லிகா எனக்குப் போனில் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தாள். அப்போது நானும் சிரித்தேன். டயர் மாற்றும்வரை அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஹாஜியார் அன்பான மனிதர். "வாங்க, இரிங்க. வெயில்ல வந்திரிக்கீங்க" என்று முதலில் தண்ணீர், பிறகு சர்பத், பிறகு சாப்பிடாமல் போகக் கூடாது என்று புரியாணி. எங்கள் ஊர்ப் பிரியாணி சீரகச் சம்பாவில் கொஞ்சம் அடக்கமாக வரும். இது நெய்யும் முந்திரியும் அவித்த முட்டையுமாகக் கல்யாணக் கோலத்தில் வந்தது. ருசி நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வயிற்றில் இடமில்லை. ஜாக்கெட்டை எடுத்து வந்தார். தொட்டவுடன் தெரிந்துவிட்டது, ஆட்டுத் தோல், வெண்ணெய்போல. எங்கள் மேசைக்கு வந்திருந்தால் முதல் தரம் போட்டிருப்பேன்.

"இது கல்யாணத்துக்குப் போட்டுப் போக அருமையான சாமான் ஹாஜியார்" என்றேன். "விழுந்தால் தாங்காது. ஓட்டுகிறவனுக்கு மாட்டுத் தோல் வேண்டும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். தோளிலும் முழங்கையிலும் உள்ளே மெத்தை இருக்க வேண்டும்." யோகனின் விரலைப் பிடித்து முழங்கையைத் தடவச் சொன்னேன். உள்ளே வெறும் துணி.

"உண்மை சொல்லிட்டீங்க" என்றார் ஹாஜியார். "நான் விக்கிறதுக்கு முன்னாடி சொல்லாம இருந்திருக்கலாம்" என்று சிரித்தார்.

மூன்று ஜாக்கெட்டையும் நேர்மையாகவே தள்ளியாயிற்று. மல்லிகாவுக்காக ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்படியே வந்த நாட்கள் முடிந்து விமானம் ஏறிவிடலாம் என்று அன்று மாலை நம்பினேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காம் நாள் நிலாவெளி. யோகன் படகு எஞ்சின் திருத்திக் கொடுக்கும் ஞானம் என்பவர் கடற்கரைக்குப் பக்கத்தில் சின்ன விடுதி நடத்துகிறார். மோட்டார் சைக்கிளில் இலங்கையைச் சுற்றி வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் கடைசியாக அங்கே தங்கி, வண்டியை விற்றுவிட்டு, ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் பறந்துவிட்டாராம்.

"ஆரும் பாவிக்கக் கூடிய ஆளாப் பாத்துக் குடுங்கோ எண்டு சொன்னவர்" என்று ஞானம் அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தார்.

கையில் வாங்கியதும் கனம் சொல்லிவிட்டது. மாட்டுத் தோல், மேல் பாதி. அழுத்தினேன், சுருக்கம் அழகாக ஓடியது. முகர்ந்தேன், பூஞ்சணம் இல்லை. தோளில் இரட்டைத் தையல், அளவான இடைவெளி. முழங்கையிலும் தோளிலும் முதுகிலும் மெத்தை. கடல் காற்றில் கெடாத ஜிப். அக்குளுக்குக் கீழே காற்றுப் போக இரண்டு சின்ன ஜிப். உள்துணி சல்லடைபோல. கையிடுக்கைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தேன். ஒரு நூல்கூட முனகவில்லை.

அளவு பொருந்தக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். விடுதி முற்றத்தில் வாடகைக்கு விடும் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு யோகன் அதில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார். நின்றால் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதுதான் உட்கார்ந்தால் சரியாக இருக்கும். கையை நீட்டியபோது மணிக்கட்டு மூடியிருந்தது. குனிந்தபோது முதுகு மேலே ஏறவில்லை. கழுத்துப் பட்டி குரல்வளையை அமுக்கவில்லை. முழங்கை மெத்தை முழங்கையிலேயே இருந்தது. என் மேசையில் எத்தனையோ ஆயிரம் ஜாக்கெட் பார்த்திருக்கிறேன், ஆள் உள்ளே இருந்து பார்த்தவை குறைவு. இது இவருக்கென்றே வெட்டியதுபோல இருந்தது.

"காசு வேண்டாம் யோகன்" என்றார் ஞானம். "என்ர போட் எஞ்சினை ஒருக்கால் முழுசாப் பிரிச்சுப் பாத்துத் தந்தாக் காணும்."

யோகன் என்னைப் பார்த்தார். எத்தனை வயது மனிதர், தீபாவளிக்கு உடுப்புப் போட்டுக் காட்டும் பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். "என்ன மச்சான்?"

மல்லிகாவின் கலங்கிய கண்ணை நினைத்துக்கொண்டேன்.

"தோள் சரியில்லை மாப்பிள்ளை. வேண்டாம்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. இறங்கினார், கழற்றினார், ஜிப்பைப் பூட்டினார், ஞானத்தின் கையில் கொடுத்தார். "எஞ்சினை நான் எப்பிடியும் வந்து பாக்கிறன் அண்ணை" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பஸ் உப்புவெளி தாண்டியது. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முந்தின மூண்டுக்கும் என்ர விரலைப் பிடிச்சுப் பிழையில வச்சுக் காட்டினியள் மச்சான். இண்டைக்குக் காட்டேல்ல."

எனக்கு முகம் சுட்டது.

"நான் கோவிக்கேல்ல. அவ சொல்லித்தான் நீங்கள் சொன்னியள் எண்டு எனக்கு விளங்குது. அவவின்ர பயமும் விளங்குது. ஆனா இத்தனை வருசமாச் சேத்த ஆக்கள் ஒவ்வொருத்தரா வேற ஆளிட்டப் போகினம். வீட்டில குந்திக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது."

அவ்வளவுதான் பேசினார். வெட்கமாக இருந்தது. இந்த வயதில், இத்தனை தூரம் வந்து, நல்ல சாமானைக் கெட்டது என்று சொன்னேனே. கம்பெனியில் முதலாளியே வந்து நின்று கேட்டபோதுகூட அதை நான் செய்ததில்லை.

வீட்டில் மல்லிகா திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். யோகன் குளிக்கப் போனதும் நேராகச் சொன்னேன். "நல்ல பீஸை ஃபெயில் பண்ணிவிட்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது."

கோபம் வந்தால் அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு போய் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "இன்னாண்ணா நீ! ஒரு பொய்ய உருப்படியா சொல்லத் தெரியாதா உனுக்கு?"

"தெரியாது. இனிமேல் சொல்லவும் மாட்டேன். நீயும் தோல் தைத்தவள்தானே? நாளைக்கு என்னோடு வந்து நீயே பார். பிழை கண்டுபிடித்தால் நான் வாயைத் திறக்காமல் ஊருக்குப் போகிறேன்."

தேங்காய்ப் பாதியைத் தட்டில் போட்டாள். "நாளைக்கு விடிய வெளிக்கிடுவம்" என்றாள்.

மறுநாள் மல்லிகாவே யோகனிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிவந்தாள். நிலாவெளி விடுதியில் ஞானத்தின் மனைவி எங்களுக்கு இடியப்பமும் சொதியும் வைத்தார். மல்லிகா தொடவில்லை. ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, ஒரு இழுப்பில் உள்பக்கத்தை வெளியாகப் புரட்டினாள். நாங்கள் வெளியே பார்ப்போம், தைக்கிறவர்கள் உள்ளே பார்ப்பார்கள். தையல் மடிப்பு ஒவ்வொன்றையும் நகத்தால் பிரித்துப் பார்த்தாள். கையிடுக்கை இழுத்தாள். முழங்கையை இழுத்தாள். ஒரு பையின் உள்துணியில் நூல் விட்டிருந்தது. "இஞ்ச பார்!" என்றாள்.

"அது கைக்குட்டை வைக்கிற பை. விழும்போது அதுவா காப்பாற்றப் போகிறது?"

அவளுக்கும் தெரியும். மறுபடியும் நேராகப் புரட்டி மடியில் வைத்துக்கொண்டாள். நான் இடியப்பம் சாப்பிட்டேன். எப்படியும் முடிவு வரட்டும், சாப்பிட்டுவிட்டுக் கேட்போம் என்கிற அளவுக்கு அலுப்பு.

"நீ ஒண்டைப் பாக்கேல்ல அண்ணா" என்றாள் கடைசியில்.

"என்ன?"

"வெக்கை. அந்த மனுசனுக்கு வேர்வை ஆறா ஓடும். காலமை போடுற சட்டையைப் பத்து மணிக்குக் கழட்டிப்போடுவார். எனக்காக இதைப் போட்டுக்கொண்டு சந்தி வரைக்கும் போவார். சந்தி திரும்பினதும் கழட்டி ஹேண்டிலில தொங்கவிடுவார். பிறகு எவ்வளவு நல்ல தோலா இருந்தென்ன?"

நாங்கள் தைத்ததெல்லாம் குளிர் தேசங்களுக்குப் போனது. போட்டவன் கழற்றிவிடுவானா என்று ஒரு நாளும் எங்கள் மேசையில் யாரும் கேட்டதில்லை.

அவள் எழுந்தாள். சேலைமேல் ஜாக்கெட்டைப் போட்டாள். தலைப்பை உள்ளே செருகி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். அவளுடைய விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. எஞ்சின் வேலையை யோகன் வந்து முடித்துத் தருவார் என்று ஞானத்தின் மனைவியிடம் சொன்னாள்.

"வா, பஸ்ஸுக்குப் போவம்."

"பைத்தியமா உனக்கு? மயங்கி விழுவாய்."

"விழுந்தா இது கூடாது எண்டு தெரியும்."

ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது கச்சான் மணலை அள்ளி அடித்தது. அவள் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. ஒரு கடைத் தாழ்வாரத்தைக் காட்டினேன், நிழலுக்கு வரவில்லை. "அவருக்கு ரோட்டில நிழல் கிடைக்குமா?" என்றாள்.

பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் ஒரு முறை பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "என்னக்கா, குளிர் காய்ச்சலோ?"

"ஓம். கிட்ட வராதீங்கோ, ஒட்டிப்போடும்."

முன் சீட்டில் இரண்டு சிங்களப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். மல்லிகாவே எனக்குத் தமிழில் சொன்னாள். "வெளிநாட்டுக்குப் போறனாம் நான். பிளேனுக்கு இப்பவே உடுத்திட்டன் எண்டு கதைக்கினம்." சொல்லும்போது மூச்சு வாங்கியது. ஆனால் சிரித்தாள். நான் வந்ததிலிருந்து அவள் இப்படிச் சிரித்து இப்போதுதான் பார்த்தேன்.

உப்புவெளியில் ஆள் சேர்க்கிறேன் என்று டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு எங்கோ போய்விட்டார். காற்று நின்றது. பஸ் அடுப்பாகிவிட்டது. மல்லிகாவின் முகம் சிவந்து, உதடு காய்ந்துவிட்டது. கழற்று என்று அதட்டினேன். கெஞ்சினேன். அவள் பேசாமல் அக்குளுக்குக் கீழே இருந்த சின்ன ஜிப் இரண்டையும் திறந்துகொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. இறங்கி ஓடி ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி வந்தேன். பாதியைக் குடித்தாள்.

பஸ் கிளம்பி வேகம் பிடித்தது. ஜன்னலோரம் நகர்ந்து கையை நீட்டி, கைப்பிடியைப் பிடிப்பதுபோல வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு கண் திறந்தாள்.

"நிக்கேக்கதான் வேகுது. ஓடேக்கக் காத்து உள்ள வருது அண்ணா" என்றாள்.

பஸ் நிலையத்திலிருந்து பாலையூற்றுக்கு ஓட்டோ பிடித்தோம். ஓட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகவா என்று கேட்டார். நான் ஆம் என்று சொல்லியிருப்பேன், அவள் விடவில்லை.

யோகன் முற்றத்தில் எஞ்சினுக்குக் கீழே குந்தியிருந்தார். வாசல் படலை திறந்த சத்தத்தில் நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையில் ஸ்பானர், வாய் திறந்தபடி.

"அண்ணா, அரிசி வாளிக்குள்ள சாவி கிடக்கு. எடுத்துக்கொண்டு வா" என்றாள் மல்லிகா.

குசினிக்குப் போய் வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினேன். அடியில் ஒரு துணியில் முடிந்து கிடைத்தது. வெளியே வந்தபோது அவள் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வேர்வையில் விரல் வழுக்கியது. யோகன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கிட்ட வந்து, மெல்ல ஜிப்பை இழுத்துவிட்டார். ஜாக்கெட்டுக்குள் அவள் சேலை பிழிந்து எடுத்ததுபோல நனைந்திருந்தது. கால் தள்ளாடியது. அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

என்னிடமிருந்து சாவியை வாங்கி, கழற்றிய ஜாக்கெட்டோடு சேர்த்து அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"நிலாவெளியில இருந்து இஞ்ச வரைக்கும் நான் கழட்டேல்ல. நீங்களும் கழட்டக் கூடாது."